ஸ்நார்க்கல் போர்டு

கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாற்பத்தாறு வயதில் மகளிடம் எழுத்துப் படித்தவன் நான். ஆனாலும் இந்த வாக்குமூலத்தை நானே எழுதுகிறேன் என்று காகிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கடலுக்கடியில் நீந்திப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிப்போகும் படகில் எனக்குக் கூலி வேலை. சிலிண்டரில் காற்று ஏற்றுவேன், சுமப்பேன், மாஸ்டர் முதுகில் மாட்டிவிடுவேன். மாஸ்டர் என்றால் முங்கக் கற்றுக்கொடுப்பவர். கற்றுக்கொடுக்க மட்டும்தான் தெரியும்.

படகில் ஒரு போர்டு உண்டு. ‘சிலிண்டருடன் இறங்குபவர் எவரும் ஸ்நார்க்கல் வைத்திருக்க வேண்டும்.’ நான் முதன்முதலாக முழுசாகப் படித்த வாக்கியம். ஸ்நார்க்கல் ஒரு முழக் குழாய். சிலிண்டர் தீர்ந்து மேலே வந்தவன், அலையில் முகம் கவிழ்ந்து கிடந்தபடியே அதில் மூச்சு விடலாம். மாஸ்டர் அதைத் தொடமாட்டார்.

"முதுகுல இவ்ளோ பெரிய சிலிண்டர் இருக்கு, வாயில சூப்புற குழாய் எதுக்கு? அது சின்னப்புள்ளைங்க சமாச்சாரம்."

"போர்டுல போட்டிருக்கே மாஸ்டர்."

"அட, வாத்தியார் படிச்சிட்டாரா. எங்க, இவங்களுக்கும் படிச்சுக் காட்டு."

முங்க வந்திருந்த பத்துப் பேர் எதிரில் படித்தேன். ‘ஸ்நா’வில் நாக்கு சிக்கியது. அவர் என்னைப் போலவே இழுத்து இழுத்துப் படித்துக் காட்டினார். விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த மகளும் அங்கேதான் நின்றாள். அவள் சிரிக்கவில்லை. ஆனால் அதன்பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்காரவும் இல்லை. "போதும்ப்பா, விடு" என்றாள்.

ஆட்கள் ஏறுவதற்கு முன், தினமும் காலையில் மாஸ்டர் தனியாக இறங்கி நங்கூரத்தைப் பார்த்துவிட்டு வருவார். காற்று எவ்வளவு என்று காட்டும் மீட்டரைப் பார்க்கமாட்டார். அதற்குக் குனிய வேண்டுமே. என்னைத்தான் கேட்பார். பதினோரு வருடப் பழக்கம்.

"எவ்ளோ இருக்கு வாத்தியாரே?"

அன்றைக்கு, முந்தின நாள் மிச்சப்பட்ட சிலிண்டரைத்தான் மாட்டியிருந்தேன். நிரம்பியிருந்தால் இருநூறு காட்டும் முள் நாற்பதில் நின்றது. தப்பில்லாமல் படித்தேன்.

"இருநூறு, மாஸ்டர்."

"நீ சொன்னா சரிதான்" என்று குதித்தார்.

சீக்கிரமே மேலே வந்துவிட்டார். நீரோட்டம் அவரைப் படகிலிருந்து முப்பதடி தள்ளியிருந்தது. மிதவைச் சட்டையை உப்பவைக்க சிலிண்டரில் காற்றில்லை. வாயால் ஊத நெஞ்சில் மூச்சில்லை. இடுப்பில் கட்டிய ஈயத்தைக் கழற்றிப் போட்டால் மிதக்கலாம் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர். அவருக்கே அது ஞாபகம் வரவில்லை. பெரிய மாஸ்டர்.

"கயிறு... கயிறு போடுய்யா" என்றார், இரண்டு அலைகளுக்கு நடுவில்.

கயிறு என் காலடியில் சுருட்டித்தான் கிடந்தது. அதற்கு முன் போர்டைப் படித்துக் காட்டுவதுதான் முறை என்று பட்டது. சத்தமாக, எழுத்தெழுத்தாகப் படித்தேன். இந்தத் தடவை ‘ஸ்நா’ சிக்கவில்லை. முடித்துவிட்டுத் திரும்பினால் தண்ணீர் மட்டும் இருந்தது. ஆனாலும் கயிற்றைப் போட்டேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கொன்றேன் என்று எழுதச் சொல்கிறீர்கள். சரி, கொன்றேன், எழுதிவிட்டேன். இதில் ஒரு பிரதியை என் மகளிடம் கொடுங்கள். பிழை இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தித் தருவாள்.