பச்சை காட்டிய லைப்ரரி

இந்த விசாரணை அறையில் ஏர்கான் கொஞ்சம் அதிகம், சார். வாக்குமூலத்தை முதலிலிருந்தே சொல்கிறேன்.

சபாக் பெர்ணம் பக்கத்துச் செம்பனை எண்ணெய் மில்லில் ஒன்பது வருடமாகக் கணினிகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மில்லின் கழிவுத் தொட்டிக்குள் விஷவாயுவை அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது. அதன் அளவை என் மேசைத் திரையில் ஒரு புரோகிராம் காட்டும். பச்சை என்றால் ஆள் இறங்கலாம், சிவப்பு என்றால் கூடாது. கருவியோடு பேச அந்தப் புரோகிராமுக்கு ஒரு லைப்ரரிக் கோப்பு வேண்டும். அது இல்லாமல் ஓடாது.

போன மாதம் கணினியைப் புதுப்பித்தேன். மறுநாள் காலை புரோகிராம் திறக்க மறுத்தது. லைப்ரரியைக் காணவில்லை என்றது. கோப்பு வேறு ஃபோல்டருக்கு மாறியிருந்தது. புரோகிராமோ பழைய பாதையிலேயே தேடிக்கொண்டிருந்தது. அப்போது எனக்கு அது பிடிபடவில்லை. மேனேஜர் கணேஸ்வரன் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன் லா, தனேஸ்வரி. ஸ்க்ரீன் இப்படிக் கெடந்தா நீங்க வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.”

அதே பெயரில் நானே ஒரு லைப்ரரி எழுதினேன். எப்போது கேட்டாலும் ‘வாயு இல்லை’ என்று சொல்லும், அவ்வளவுதான். பாதையை அதன் பக்கம் திருப்பினேன். புரோகிராம் ஓடியது. பச்சை.

நான்கு நாள் கழித்து அசல் கோப்பு கிடைத்தது. பாதையைச் சரிசெய்தேன். திரை சிவந்தது. இத்தனை நாள் பச்சை எப்படி வந்தது என்று கேட்பார்களே என்ற பயத்தில் அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. மறுபடி என் கோப்புக்கே மாற்றிவிட்டேன். தொட்டிக்குள் அந்த வாரம் யாருக்கும் வேலை இல்லை, சார். அதையும் விசாரித்துக்கொண்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் தொட்டிக்குள் இருக்கும் பம்ப் அடைத்துக்கொண்டது. பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து வேலைக்கு வரும் புனிதன் வாக்கி டாக்கியில் கூப்பிட்டார். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

“அக்கா, எறங்கலாமா?”

“பச்சைதான் தம்பி.”

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. தொட்டி வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் ரெங்கசாமியின் குரல் கேட்டது.

“அம்மா, புனிதன் உள்ள விழுந்துட்டான். கூப்பிட்டா பேச்சு இல்ல. தூக்க நான் எறங்குறேன். லைட்டு என்னா கலரும்மா?”

“ஒரு நிமிஷம் இருங்க மண்டோர்.”

அவர் காத்திருந்தார். நான் பாதையை அசல் கோப்புக்கு மாற்றிப் பார்த்தேன். சிவப்பு. நான் அதுவரை பார்த்திராத எண். சிவப்பு என்று சொன்னால், புனிதனுக்கு மட்டும் ஏன் பச்சை என்று சொன்னேன் என்று கேட்பார்கள். பாதையைத் திரும்ப என் கோப்புக்கு மாற்றினேன். ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிட்டேன். வேலையில் நான் வேகம்.

“பச்சை, மண்டோர்.”

இரண்டு பேரையும் தூக்கிப்போக ஆம்புலன்ஸ் வருவதற்குள் பாதையை ஒழுங்காகச் சரிசெய்தேன். இப்போது பிழை எதுவும் வருவதில்லை, நீங்களே பார்க்கலாம். புனிதன் விஷயத்தில் பயத்தில் தவறு செய்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரெங்கசாமியை நான் ஏமாற்றவில்லை, சார். அவர் விளக்கின் நிறத்தைத்தானே கேட்டார்.