காட்டோர நெர யாருக்கு

லோரி வர்ற வரைக்கும் ஒக்காருங்க கிராணியாரே. கெணத்துத் தண்ணிய வெள்ளமா கொண்டுக்கிட்டுப் போவுது? அந்த டிரைவரு ரப்பர் பால ஏத்தி, தேத்தண்ணி குடிச்சு, ரெண்டு ஊர்க்கத பேசிட்டுத்தான் கெளம்புவான். பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனு எங்கயும் ஓடிடாது. அங்க இருக்கிற போலீசு டேசனும் ஓடிடாது.

யாரு சொன்னான்னா கேக்குறீங்க? யாரும் சொல்லல. ஆபீசுல கணக்கு எழுதுற நேரத்துல சட்டைய மாத்தி, தலைய வழிச்சு சீவிக்கிட்டு லோரிக்கு நிக்கிறீங்க. காலையில பேரு கூப்புடுற பெரட்டுல, என் பேரு படிக்கிறப்ப மட்டும் நீங்க தலைய நிமித்தல. இதுக்கு சோசியம் வேற பாக்கணுமா?

அட, ஏன் கதவு பக்கம் போறீங்க. கையில ஒண்ணும் இல்ல, பாருங்க. கத்திய கூட கொட்டாயிலயே போட்டுட்டு வந்தேன். சின்னத்தாயி வாயாடிதான், ஆள வெட்றவ இல்ல.

ஒங்க பரீட்சைப் புத்தகத்துல ஒரு கணக்கு இருக்கு, அன்னிக்குப் படிச்சுக் காட்டுனீங்களே. ஒரு பையில செவப்புப் பந்து இத்தன, வெள்ளப் பந்து இத்தன, கண்ண மூடிக்கிட்டு எடுத்தா செவப்பு வர்றதுக்கு எம்புட்டு வாய்ப்புன்னு. நாங்க எல்லாம் சிரிச்சோம். பந்த வச்சு வெளாடாம எண்ணிக்கிட்டு இருக்கானே இந்தப் புள்ளைன்னு. அப்புறம் நீங்க சொன்னீங்க, இது ஒங்க சீட்டு டின்னு கணக்குதான்னு. அப்பதான் நான் சிரிப்ப நிறுத்துனேன்.

அந்த டின்னு எப்படி வந்துச்சு, தெரியுமா ஒங்களுக்கு? நீங்க வர்றதுக்கு முந்தி. வேலம்மா புருசன் நல்லசாமி காட்டோர ரப்பர் மர நெரையில பால் வெட்டிக்கிட்டு இருந்தான். காட்டுக்குள்ளேருந்து கம்யூனிஸ்டுக்காரனுங்க சுட்டானுங்க, ரோட்டுலேருந்து பட்டாளத்தானுங்க சுட்டானுங்க. நடுவுல நல்லசாமி. எந்தப் பக்கத்துக் குண்டுன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தனும் சொல்லல. அதுக்கப்புறம் அந்த நெரைக்கு யாரு போவா? தொர சொல்லிட்டாரு, பால விட முடியாது, யாராச்சும் போயித்தான் ஆவணும்னு. எங்கள வேல வாங்குற உடையப்பன் மண்டோரு ஆள நிறுத்துனாரு. வேண்டாதவளா பாத்து அனுப்புறாருன்னு சண்ட. கொண்டைய புடிச்சு இழுக்குற சண்ட. கடைசியில மாரியாத்தா பேர சொல்லி சீட்டுன்னு வச்சாங்க. காகிதம் போட்டா மழைக்கு ஊறிடும்னு ரப்பர் கொட்ட. எங்க கும்பலு பன்னெண்டு பேரு, டின்னுக்குள்ள பன்னெண்டு கொட்ட, ஒண்ணுக்கு மட்டும் செவப்பு சாயம். செவப்பு யாரு கையில வருதோ அவ காட்டோரம். டின்ன யாருகிட்ட குடுத்து வைக்கிறதுன்னப்ப எல்லாரும் என்னையத்தான் காட்டுனாளுங்க. பொய் சொல்லாதவன்னு பேரு வாங்கி வச்சிருந்தேன்லா.

ஆமா, மொத ஆளா நாந்தான் கைய விடுவேன். ஏன்னு கேட்டா, மொதக் கைக்குத்தான் செவப்பு மாட்டும்னு இவளுங்களுக்கு ஒரு பயம். பின்னால போயி ஒளிஞ்சிக்குவாளுங்க. புஷ்பவள்ளிக்கு வயித்துல புள்ள, அவ கடைசி ஆளா நிப்பா, நின்னுக்கிட்டே அழுவா. நீங்க தலையால அடிச்சுக்கிட்டீங்க. மொதல்ல எடுத்தாலும் கடைசியா எடுத்தாலும் வாய்ப்பு ஒண்ணுதான், பன்னெண்டுல ஒண்ணுதான்னு. யாரு கேட்டா? நானும் தலைய ஆட்டிட்டு மறுநாளும் மொத ஆளாத்தான் நின்னேன்.

இன்னொண்ணும் சொன்னீங்க. கொட்டைக்கு ஞாபகம் கெடையாது, நேத்து யாருக்கு வந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது, நேத்து வந்தவளுக்கே இன்னிக்கும் வரலாம்னு. அப்ப திரும்பத் திரும்ப எனக்கே வருதுன்னா அது என் தலையெழுத்துதான? பட்ட கால்லயே படும்னு சும்மாவா சொன்னாங்க.

ம். வரும், ஆனா இப்படி ஒருத்திக்கே வரிசையா வராதுங்கிறீங்க.

தெரியும் கிராணியாரே. ஞாயித்துக்கெழம ஆபீசு வராந்தாவுல எங்கள ஒக்கார வச்சு, அதே டின்னு, அதே கொட்ட, திரும்பத் திரும்ப எடுக்கச் சொன்னீங்களே. பூச தேங்கா வாங்கித் தரேன்னு சொல்லி. பொழுது சாயுற வரைக்கும் எடுத்தோம். அவளுங்களுக்கு வந்த மாதிரியே எனக்கும் அப்பப்ப வந்துச்சு. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. புஷ்பவள்ளிக்கு என்னையவிட கூட வந்துச்சு. அவ அன்னிக்கும் அழுதா, வெளாட்டுக்குத்தான்டின்னு சொல்லச் சொல்ல. நீங்க என்னைய மட்டும் ஒரு பார்வ பாத்துட்டு டின்ன மூடுனீங்க. காலையில பெரட்டுல மட்டும் இவளுக்கே வருது, இங்க வரலையேன்னு ஒங்க மொகத்துல எழுதி இருந்துச்சு.

ஒங்க மேல கோவம் இல்ல. கோவம்தான், இல்லேன்னு என்னத்துக்குச் சொல்லணும். பரீட்சைக்குப் படிக்கிறவரு உருளக்கெழங்கு, வெங்காயம்னு வச்சுக் கணக்குப் போடக் கூடாதா? எங்க டின்னுதான் கெடச்சுச்சா?

நீங்க பயப்படுறது சரிதான். தெரிஞ்சும் சொல்லாம இருந்தா ஒங்க கழுத்துக்கும் கயிறு. ஒங்கள நம்பி ஆத்தா ஒருத்தி இருக்கா, தங்கச்சிங்க இருக்குதுங்க. குடியிருப்ப சுத்துன முள்ளுக்கம்பிக்கு வெளிய ஒரு பிடி சோறு போனாக்கூட, காட்டுக்காரனுக்குத்தான்னு உள்ள தள்ளிடுறான். நானா இருந்தாலும் இந்த லோரிக்குத்தான் நிப்பேன்.

எப்படி செஞ்சேன்னு மட்டும் கேக்க மாட்டேங்கிறீங்க. கேட்டா பாவம் ஒட்டிக்குமா? நானே சொல்றேன். சின்னப் புள்ளைங்க ரப்பர் கொட்டைய சிமிட்டித் தரையில பரபரன்னு தேச்சு, அசந்தவன் தொடையில சூடு வைக்கும்ல. அதேதான். டின்ன எடுத்துக்கிட்டு வர்ற வழியில, நாங்க குடியிருக்கிற லயத்துக் கால்வா ஓரத்துல குந்தி, செவப்ப மட்டும் தேச்சு உள்ள போட்டு, சூடு ஆறுறதுக்குள்ள ஓடியாருவேன். மண்டோரு ஒரு குலுக்கு குலுக்குவாரு. மொதக் கை என் கை. சுடுறத எடுத்துக்குவேன். ரெண்டாவது ஆளு கைய விடுறப்ப டின்னுல சுடுறது எதுவும் இருக்காது.

என் மவன் சின்னதுல எனக்கே எத்தன சூடு வச்சிருக்கான், தெரியுமா. செல்லன்னு பேரு. நீங்க பாத்ததில்ல. சிங்கப்பூருக்குக் கப்பல் வேலைக்குப் போயிட்டான்னு சொல்லி வச்சிருக்கேன். கப்பலும் இல்ல, ஒண்ணும் இல்ல. தொழிலாளி சங்கத்துல இருந்தான். சங்கத்து ஆளுங்கள போலீசு லோரியில அள்ளுனாங்கல்ல, அந்த வாரம் ராவோட ராவா காட்டுக்குள்ள போயிட்டான். போறப்ப என்கிட்ட சொல்லக்கூட இல்ல, பாவி.

மொத தடவ எனக்கு செவப்பு வந்தது நெசமாவே வந்ததுங்க. ஒங்க பன்னெண்டுல ஒண்ணு. அழுதுக்கிட்டுத்தான் போனேன். கடைசி நெரைக்கு அங்கிட்டு ஒரு பள்ளம், அதுக்குள்ள ஆளு மொனகுற சத்தம். காய்ச்சல்ல கெடந்தான். எலும்பும் தோலுமா. என்னையப் பாத்துட்டு, யாரும்மா நீங்கன்னு கேட்டான். பெத்தவளப் பாத்து.

அன்னிக்கு அந்தக் கொட்ட வேற எவ கையில வந்திருந்தாலும் அவன் அங்கயே கெடந்து போயிருப்பான், எனக்குத் தெரிஞ்சே இருக்காது. அத எந்தக் கணக்குல சேப்பீங்க?

சோறு கொண்டு போனேன். கேட்டுல போலீசுக்காரன் வாளியப் பாப்பான், மடியப் பாப்பான், கொண்டைய அவுக்கச் சொல்ல மாட்டான். கொண்டைக்குள்ள ஒரு உருண்ட. நீங்க சந்தேகப்பட்டது அப்ப சரிதான். இப்ப இல்ல.

இப்ப அங்க திங்கிறதுக்கு ஆளு இல்ல கிராணியாரே. பொங்கலுக்கு முந்தியே போயிச் சேந்துட்டான்.

அப்புறம் எதுக்குப் போறேன்னா கேக்குறீங்க? கேட்டுல மம்பட்டிய விடுவானா, சொல்லுங்க தம்பி. பால் வெட்டுற கத்தியாலயும் கையாலயும் எம்புட்டு ஆழம் தோண்ட முடியும். மொழங்கால் ஆழந்தான். மேல கல்லு அடுக்கி இருக்கேன். காட்டுப் பன்னி வந்து மூக்கால முட்டித் தள்ளிடுது. போயிப் போயி எடுத்து வச்சிட்டு வரேன். ஒரு தடவ நா போறதுக்குள்ள அவன் கையத் தோண்டி எடுத்துடுச்சு. அவ்வளவுதான் சேதி.

நீங்க போயி சொன்னா அவங்களே வந்து நல்லா தோண்டுவாங்க. கம்புல கட்டித் தூக்கிட்டுப் போயி, ஊரு பாக்க டேசன் வாசல்ல கெடத்துவாங்க. போன மாசம் காட்டுல சுட்ட ரெண்டு சீனப் புள்ளைங்கள அப்படிக் கெடத்தி ஈ மொச்சிச்சே. நீங்க மூக்க மூடிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டீங்க. நா பாத்தேன்.

லோரிக்காரன் ஆரன் அடிக்கிறான். எந்திரிங்க, நா மறிக்கல. ஒண்ணு மட்டும் செய்யுங்க. நாளையிலேருந்து டின்ன நீங்களே வச்சுக்கங்க. நா தொட மாட்டேன். பன்னெண்டுல ஒண்ணு எனக்கும் உண்டுன்னு நீங்கதான சொன்னீங்க. அது வர்ற அன்னிக்குப் போயி கல்ல எடுத்து வச்சுக்கறேன். வராத நாளைக்கு, அந்தப் பன்னியும் சீட்டுப் போட்டுப் பாத்துட்டே வரணும்னு ஒங்க வேதக்கோயிலு மாதாகிட்ட ஒரு வார்த்த சொல்லி வைங்க, தம்பி.