ஓட்டுநர் பக்கத்துத் தகடு

தகடு தேய்க்கும் கிரைண்டரில் கல் டிஸ்க்கை மாட்டினால் வேலை சட்டென்று முடிந்துவிடும் சார். அதனால்தான் எல்லோரும் அதையே எடுக்கிறார்கள். நான் எடுப்பதில்லை. கார் தகடு மெல்லிசு. கல் பட்டால் பெயின்டோடு தகடும் தேய்ந்துபோகும். பெயின்டை உரிக்க நார் டிஸ்க், மூலை முடுக்குக்குக் கம்பி பிரஷ், கடைசியில் கையால் உப்புத்தாள். துரு போக வேண்டும், இரும்பு நிற்க வேண்டும். இரும்பை வீணாக்க மனசு வராதவன் என்பதால் பட்டறையில் எனக்குக் கஞ்சன் என்று பெயர். அது எனக்குப் பெருமைதான்.

அந்தக் காருக்கு எந்தக் கருவியை எடுத்தாய் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் புரியும்.

வெல்டிங் வைத்தவன் என் தங்கை புருஷன். பட்டறை கீழே, வீடு மேலே. அவர்களுக்கு ஓர் அறை, எனக்கு ஓர் அறை. பெற்றவர்கள் போனபோது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள், வளர்த்தது நான். கல்யாணத்துக்குப் பிறகும் தூர அனுப்ப மனமில்லாமல்தான் என்னிடம் வேலை பார்த்தவனுக்கே கட்டிவைத்தேன். நான் சாப்பிடாமல் அவள் சாப்பிட மாட்டாள். அப்படி இரு என்று நான் கேட்டதே இல்லை. ஒருமுறை மறந்து முதலில் சாப்பிட்டுவிட்டாள். அன்று நான் பட்டினி கிடந்தேன், அவ்வளவுதான். அதன்பின் அவள் மறக்கவில்லை.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. தகட்டைச் சுத்தம் செய்பவன் வெள்ளைத் துணி போட்டு மூடிவிட்டுப் போவான். பற்றவைப்பவன் துணியை எடுத்துவிட்டு நேராக வேலையைத் தொடங்க வேண்டும். தடவிப் பார்க்கக் கூடாது. கை எண்ணெய் பட்டால் வெல்டிங் பிடிக்காது. அதைவிட, தடவிப் பார்ப்பது மூடியவனை நம்பாத மாதிரி. மாப்பிள்ளை என் துணிக்கடியில் ஒருநாளும் விரல் வைத்துப் பார்த்ததில்லை. நல்ல மரியாதை தெரிந்தவன். அதை மறுக்க மாட்டேன்.

பிறகு வீட்டில் காதும் காதும் வைத்தாற்போல ஏதோ நடக்க ஆரம்பித்தது. நான் படியேறினால் பேச்சு நிற்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் சேர்ந்து போவார்கள். அவன் மட்டும் முதலில் திரும்புவான். எங்கே என்றால், தோழி வீடு என்பான். எந்தத் தோழி? பெயர் சொல்வதற்குள் மூன்று முறை இருமினான். எப்போதும் செருப்போடு திரிந்தவள் திடீரென்று ஷூ வாங்கினாள். ஷூ எதற்கு? தூரமாகப் போகத்தானே. அவர்கள் கட்டிலுக்கடியில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். குளிருக்கான துணிகள் மடித்து இருந்தன. இங்கே ஏது குளிர்?

கடைசியில் அவன் ஒரு பழைய காரைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"எதுக்கு மாப்ள இந்த ஓட்டை வண்டி?"

"சும்மாதான் மச்சான். மழைக்கு ஒதுங்க ஒரு கூரை," என்று சிரித்தான்.

சக்கரம் வைத்த கூரையை யாரும் ஒதுங்குவதற்காக வாங்குவதில்லை. அன்று சாயங்காலம் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். "அண்ணன்கிட்ட எப்ப சொல்றது?" என்றான் அவன். "இப்ப வேணாம். வண்டி ரெடியாகட்டும், கிளம்புறப்ப சொல்லிக்கலாம்," என்றாள் அவள். குரல் அவளுடையதுதான். ஆனால் வார்த்தை அவன் சொல்லிக்கொடுத்தது. என் தங்கை தானாக அப்படிப் பேச மாட்டாள்.

நான் சத்தம் போடவில்லை. நானே சுத்தம் செய்து தருகிறேன் என்றேன். அவன் நெகிழ்ந்துபோனான்.

அடித்தரை இரண்டு பக்கமும் துருப்பிடித்திருந்தது. இருக்கையும் பெல்ட்டும் அந்தத் தரையைத்தான் பிடித்து நிற்கும். பக்கத்து இருக்கை பக்கம் என் தங்கை உட்காருவாள். அதனால் அங்கே நார் டிஸ்க், கம்பி பிரஷ், உப்புத்தாள் என்று ஒன்று விடாமல் பொறுமையாகச் செய்தேன். ஓட்டுநர் பக்கத்துக்குக் கல் டிஸ்க்கை எடுத்தேன். அழுத்தித் தேய்த்தேன். விரலால் அமுக்கினால் உள்ளே போய் வரும் அளவுக்கு வந்ததும் நிறுத்தி, கல் பட்ட தடம் தெரியாமல் உப்புத்தாள் போட்டேன். துணியால் மூடினேன்.

துரு தின்ற இடத்தில் ஒட்டுத் தகடு வைத்துப் பற்றவைக்கும்போது அவன் தயங்கினான். "மச்சான், இந்தப் பக்கம் மட்டும் ஏன் இப்படி உருகுது?"

"துரு தின்ன மிச்சம் அவ்வளவுதான் மாப்ள. சூட்டைக் கொறச்சு வையேன்."

"நீங்க சொன்னா சரி," என்று குறைத்து வைத்தான். பார்வைக்கு அழகான வெல்டிங், உள்ளே பிடிப்பில்லை. அதன்மேல் பட்டி பூசிக் கறுப்பு அடித்தது நான்தான்.

நீங்களே சொன்னீர்கள், மோதல் அப்படியொன்றும் பெரிதில்லை என்று. முன்னால் போன லாரி நின்றது, பிரேக் பிடித்தும் கார் போய் இடித்தது. பக்கத்து இருக்கை அசையவில்லை. உட்கார்ந்திருந்தவருக்குத் தோளில் சுளுக்கு. ஓட்டுநர் இருக்கை தகட்டோடும் பெல்ட்டோடும் பெயர்ந்து வந்துவிட்டது. தகவல் வந்ததும் முகத்தைக் கழுவி, சோகமாக வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

வாசலில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தான். தோளில் கட்டோடு, உயிரோடு. அவனைப் பார்த்தபோதுதான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

"ஓட்டுனது அவதான் மச்சான்," என்றான். "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கிளாஸுக்குப் போய்க் கத்துக்கிட்டா. மலைப்பக்கம் வீடு வீடா போய் நோயாளிங்களப் பாக்குற வேலை கெடச்சிருக்கு, வண்டி ஓட்டத் தெரிஞ்சிருக்கணும்னாங்க. ரெண்டு பேரும் அங்கேயே போயிடலாம்னு அவதான் சொன்னா. உங்ககிட்ட சொன்னா விடமாட்டீங்கன்னு பயந்தா." அப்புறம் என் தோளில் சாய்ந்து அழுதான். நானும் அழுதேன். அது நடிப்பில்லை சார், எழுதிக்கொள்ளுங்கள். அவள் இல்லாத வீட்டுக்குப் படியேற எனக்குக் கால் வரவில்லை.

அவனைக் கொல்ல நினைத்தேன், ஒப்புக்கொள்கிறேன். கல் டிஸ்க்கை எடுத்தது இந்தக் கைதான். ஆனால் தங்கையைக் கொன்றேன் என்று எழுதினால் கையெழுத்துப் போட மாட்டேன். மறைத்தது அவர்கள். வண்டி ஓட்டப் பழகிவிட்டேன் அண்ணா என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்தக் கல்லை நான் மற்றப் பக்கத்துக்கு அல்லவா எடுத்திருப்பேன்.