மேல்கட்டு

எங்கள் வீட்டில் மீன் கழுவுவது என் தம்பிதான். குழம்பு கொதித்த பிறகுதான் நான் சமையலறைக்குள் போவேன். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்று தெரியவில்லை. வரிசையாகச் சொன்னால் வாக்குமூலம் எழுத உங்களுக்கு வசதியாக இருக்கும் என்று நினைத்தேன்.

திண்டிவனத்தில் மாலை வகுப்பில் நர்ஸ் உதவியாளர் படிப்பு முடித்தேன். மரக்காணத்தில் எங்கள் சபையில் அப்போதுதான் சுகப்பணி தொடங்கியிருந்தார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பீடத்துக்குப் பக்கத்தில் பாய் விரித்து, உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் கால் புண்களுக்கு எல்லார் முன்னிலும் கட்டுப் போட வேண்டும். சபையார் கலையாமல் பாடிக்கொண்டிருப்பார்கள். அதுவும் ஆராதனையில் ஒரு பகுதி என்றார் பாஸ்டர்.

இருசப்பன் அண்ணன் முதல் வாரமே வந்தார். சர்க்கரை நோயாளி. நாளெல்லாம் பாத்தியில் வெறுங்காலோடு நின்று உப்பு வாருகிறவர். குதிகாலில் புண். கட்டை அவிழ்த்தேன். சீழ் பழுப்பு மஞ்சளாக, நூல் நூலாக வந்தது. அழுகிய நண்டின் வாடை. என் வாய்க்குள் வந்ததை விழுங்கிக்கொண்டேன். ஒழுங்காகக் கழுவி, மருந்து வைத்துக் கட்டினேன். அன்று சரியாகத்தான் செய்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"பொண்டாட்டிகூட இவ்ளோ நேரம் என் காலாண்ட உக்காந்ததில்ல, சிஸ்டர்" என்றார்.

"உன் கால் நாத்தத்துக்கு நாயே வராது. நான் உக்காருவனா?" என்றாள் அவர் மனைவி அஞ்சம்மாள். சபையே சிரித்தது.

பாஸ்டர் என் தலையில் கைவைத்து, "நம்ம சூர்யகலாவுக்கு அருவருப்பே கிடையாது" என்றார். அப்படிச் சொன்ன பிறகு, என்னால் முடியாது என்று எப்படிச் சொல்வது?

அடுத்த ஞாயிறு மேல்கட்டை மட்டும் வெட்டி எடுத்தேன். புண்ணோடு ஒட்டியிருந்த உள்துணியைத் தொடவில்லை. அதன்மேல் லோஷன் தெளித்து, புதுத் துணியைச் சுற்றினேன். சுற்றியிருந்தவர்களுக்கு என் முதுகும் வெள்ளைக் கட்டும்தான் தெரிந்தன. பிறகு வந்த வாரங்களிலும் அப்படியே. வீட்டில் யாரும் அவிழ்க்கக் கூடாது, நான்தான் அவிழ்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அவர் கீழ்ப்படிந்தார். கட்டின்மேல் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கினார்.

ஒரு ஞாயிறு, "உள்ள என்னமோ ஊர்ற மாதிரி இருக்குது, சிஸ்டர்" என்றார்.

"ஆறும்போது அப்படித்தாண்ணா இருக்கும்" என்றேன். என்ன ஊர்கிறது என்று எனக்குத் தெரியும். துணியின் ஓரத்தில் ஒன்று தலை நீட்டியது. துணியை மடித்து அதை உள்ளே தள்ளி, சுற்றிக் கட்டினேன். பாட்டு முடிகிற சமயமாக இருந்தது.

காய்ச்சல் கண்டதும் அஞ்சம்மாள் என் வீட்டுக்கு வந்தாள். "பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்கு இட்டுனு போவட்டா, சிஸ்டர்? ஒளறுறாரு."

அங்கே போனால் கட்டை அவிழ்ப்பார்கள். "போனா காலை எடுத்துடுவாங்கக்கா. அப்புறம் அளத்துல எப்படி நிப்பாரு? ஞாயிறு வரைக்கும் பொறுங்க" என்றேன். பொறுத்தாள். சனிக்கிழமை இருசப்பன் இறந்தார்.

குளிப்பாட்டியவர்கள்தான் கட்டை அவிழ்த்தார்கள். இரண்டு பேர் வெளியே ஓடி வாந்தி எடுத்தார்களாம். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களில் ஒருவர்தான் உங்களிடம் புகார் கொடுத்திருக்கிறார் என்கிறீர்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பார். கால் போயிருக்கலாம், உயிர் போயிருக்காது. தெரிந்தேதான் தடுத்தேன்.

அஞ்சம்மாள் என்னைச் சந்தேகப்படவில்லை. பிளாஸ்டிக் பையைத்தான் திட்டினாள். அடக்கம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க ஊட்டு ஆம்பளைய நீ ஒருத்திதாம்மா தொட்டுப் பாத்த" என்று அழுது, கையில் முத்தமிட்டாள். அவள் எச்சிலும் கண்ணீரும் ஒட்டின. வீட்டுக்குப் போனதும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினேன். நர்ஸுக்குச் சுத்தம் முக்கியம்.