குல்லா ஜெயித்த நூறு மீட்டர்

"மச்சான், குல்லா ஜெயிச்சா செல்லாதுன்னுட்டாங்க."

புவனகிரியிலிருந்து சிதம்பரம் போகும் டவுன் பஸ். எனக்கு முன் சீட்டில் கழுத்தில் விசிலோடு ஒரு பி.டி. மாஸ்டர். பக்கத்தில் அவருடைய மச்சான், டெய்லர்.

"ஆளு உள்ள நொழஞ்சி போட்டுக்குற வேஷமா நான் தெச்ச காந்தி குல்லாவா மாமா?"

"அதான். சுதந்திரத்தோட அடையாளமாச்சேன்னு ஸ்போர்ட்ஸ் டேவுக்கு அதையே சின்னமா வெச்சோம். ஒரு பொண்ண உள்ள வுட்டு, ஓடுறவங்க பக்கத்துலயே கைதட்டிக்கிட்டு ஓடுன்னேன். நூறு மீட்டர்ல எல்லாருக்கும் முன்னாடி போயி ரிப்பன அறுத்துடுச்சி."

"அவ்ளோ பெரிய குல்லாவோடயா? யாரு அந்தப் பொண்ணு?"

"கிள்ளைலேர்ந்து நம்ம பள்ளிக்கூடத்துக்கு வருது. உயரம் பத்தலன்னு டீம்லேர்ந்து நான்தான் கழிச்சி வுட்டேன்."

"அப்புறம் ஏன் குல்லாவுக்குள்ள வுட்டீங்க?"

"குல்லாவுக்கு அந்த உயரம்தான் சரியா இருந்துச்சி."

டெய்லர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"இப்ப என்னாங்குறாங்க?"

"அடுத்த போட்டியில அந்தப் பொண்ணுதான் ஓடணுமாம். ஹெட்மிஸ்ட்ரஸ் கண்டிஷனா சொல்லிட்டாங்க."

"அப்ப குல்லாவுக்குள்ள யாரு?"

மாஸ்டர் விசிலைத் திருகிக்கொண்டிருந்தார்.

டெய்லர் சட்டைப் பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தார். "கொஞ்சம் எழுந்து நில்லுங்க மாமா. குல்லாவ இடுப்புல பிரிச்சித்தான் தெக்கணும்."