இரண்டு ஜாடிப் பச்சை

தூரிகை நுனியை நாக்கில் நனைத்துக் கூராக்குகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை, ஐயா. என் தங்கை வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர். பெரிய ஓவியர் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

நான் சாயம் விற்கிறவன். ஒரு காலத்தில் வெள்ளை என்றால் ஈயம், சிவப்பு என்றால் பாதரசம், பச்சைக்குள் பாஷாணம். அன்றைக்கு விவரம் தெரிந்த எவனும் தூரிகையை வாயருகே கொண்டுபோகமாட்டான். இப்போது ஆலையில் செய்து டியூபிலும் ஜாடியிலும் அடைத்து வருகிறது. பயம் போனதும் மரியாதையும் போய்விட்டது.

மாப்பிள்ளைக்கு வாய் நீளம். என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே, "மச்சான் டப்பா விப்பாரு, அவ்வளவுதான். கலரு தெரிஞ்சவன் நான்," என்பார். என் தங்கை சிரிப்பாள்.

பழைய காலத்துப் பச்சைதான் வேண்டுமென்று நச்சரித்தார். அப்பா வைத்துவிட்டுப்போன சரக்கில் ஒரு ஜாடி இருந்தது. பக்கத்தில் புதுப் பச்சை ஒரு ஜாடி. இரண்டிலும் பெயர்ச்சீட்டு உதிர்ந்திருந்தது. எனக்கு எதற்குச் சீட்டு, கண் இருக்கிறதே. ஆழம் பார்க்கலாமென்று முதலில் புதியதைக் கொடுத்தேன்.

"இதுதான் மச்சான் உயிருள்ள பச்சை," என்றார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

அடுத்த மாதம் பழையதைக் கொடுத்தேன். அவர் நாக்கை நினைத்துத்தான் கொடுத்தேன், மறைக்கவில்லை. ஒரு கோடு தீட்டிப் பார்த்தார். "இது செத்த பச்சை மச்சான். முன்ன குடுத்ததே போதும்," என்று மூடி வைத்துவிட்டார். எனக்குச் சிரிப்புகூட வரவில்லை.

ஆனாலும் படுத்துவிட்டார். திருட்டுத்தனமாக இரண்டாவதைத் தொட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். வாந்தி நிற்கவில்லை, உள்ளங்கைத் தோல் தடித்துப்போனது. "அண்ணே, டாக்டருக்கே புரியலையாம். உனக்கு ஏதாச்சும் தெரியுதா?" என்று தங்கை அழுதாள். "தெரியலம்மா," என்றேன். பதினோரு நாள் தினமும் போய்ப் பார்த்தேன். பன்னிரண்டாம் நாள் போனபோது கட்டில் காலியாக இருந்தது.

இப்போது ஆய்வகத்து அறிக்கையை என்னிடம் வாசித்துக் காட்டுகிறீர்கள். பாஷாணம் இருந்தது முதல் ஜாடியிலாம். இரண்டாவது வெறும் ஆலைச் சரக்காம். அங்கே யாரோ ஜாடிகளைக் குழப்பியிருக்கிறார்கள். படித்தவர்களின் லட்சணம் அது.

கொன்றது நான்தான், ஐயா. காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். ஜாடியை நான் மாற்றிக் கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.