அத்தை மருந்துச் செலவு போக மீதி

சோபா வாங்க வருகிறவர்களுக்கு உட்காரத் தெரியாது, ஐயா. ரொக்கம் வைத்திருப்பவன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்காருவான். தவணைக்காரன்தான் காலை நீட்டிச் சாய்வான். இந்தப் பிறவிகளுக்குச் சோபா விற்றே பாதி ஆயுளைக் கழித்தேன். கடைசியில் அவர்கள் எல்லாரையும்விட நன்றாகச் சாய்ந்தது என் கடைதான்.

வக்கீல் இரண்டு வழி சொன்னார். ஒரேயடியாகத் திவால் மனு போட்டால் கடன் துடைபட்டுப் போகும், வீடும் போகும். தவணைத் திட்டத்தோடு போட்டால் வீடு தங்கும், கடன்காரர்கள் வாசலுக்கு வர முடியாது. ஆனால் ஐந்து வருடத்துக்கு, கடையை மூடிவிட்டு நான் சேர்ந்த வேலையின் சம்பளத்தில் வீட்டுச் செலவு போக மிஞ்சுவதெல்லாம் அவர்களுக்கு.

"துடைச்சுப் போட்டுட்டு நிம்மதியா இருங்க சார். வாடகை வீட்ல மனுஷங்க இருக்கறதில்லையா?" என்றார். சொந்தமாக மாடி வீடு வைத்திருப்பவர், சொல்லத்தான் செய்வார். நான் தவணையைத் தேர்ந்தெடுத்தேன். மானஸ்தன் இல்லையா?

எது செலவு, எது ஊதாரித்தனம் என்று பார்க்க நீதிமன்றம் ஒரு மேற்பார்வையாளரைப் போட்டது. கைக்குட்டையைக்கூட நான்காக மடித்துத் தும்முகிற ஆள். "பேப்பர் எதுக்கு? வேலை பாக்கற எடத்துல படிங்க. செருப்பு போன வருஷம்தானே வாங்கினீங்க?" என்று ஒவ்வொன்றாக வெட்டினார். ஓரிடத்தில் மட்டும் இளகினார். "வயசானவங்க மருந்துல நான் கை வைக்க மாட்டேன். பில்லக் குடுத்துட்டு அந்தத் தொகையத் தவணையில கழிச்சுக்குங்க."

இப்படிப்பட்டவர்களுக்கு இளகுவதற்கென்று உடம்பில் ஒரே ஒரு இடம்தான் இருக்கும்.

என் மாமியார் எங்களோடுதான் இருந்தார். இதயம் பலவீனம், கால் வீங்கும், மூச்சு வாங்கும். மனைவி விடிந்ததும் வேலைக்கு ஓடிவிடுவாள். மருந்து கொடுப்பது என் பொறுப்பு. கடையில் முழு பில் வாங்கி, பாதி மாத்திரை அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தேன். மருந்துக்கடைக்காரன் தன் பங்கை எடுத்துக்கொண்டு காசாகத் தந்தான். பெரிய பங்கு. மனசாட்சி இல்லாத பயல். நீங்கள் பிடித்ததும் முதலில் என் பெயரைத்தான் கக்கினானாமே.

மாத்திரை பாதியானதும் வீக்கம் கூடியது. டாக்டர் தலையைத் தூக்கிப் பார்க்காமலே, "மருந்து பத்தல" என்று கூட்டி எழுதினார். பில் ஏறியது. கழிவும் ஏறியது. நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை ஐயா, அதுவாகவே அப்படி அமைந்தது. இவ்வளவு அழகாக யோசிக்கத் தெரிந்திருந்தால் சோபா கடையை ஏன் மூடப்போகிறேன்?

ஒருநாள் அத்தை என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"மாப்பிள்ளை, இந்தக் கட்டைக்கு எதுக்கு இத்தனை செலவு? மருந்த நிறுத்திட்டுக் கடன அடைச்சுடுங்க."

"அப்படியெல்லாம் பேசக் கூடாது அத்தை. நீங்க மருந்து சாப்பிட்டே ஆகணும்."

மருந்து நின்றால் கழிவும் நிற்கும். இருந்தாலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இளகின மனசு, என்ன செய்ய?

"பெத்த பிள்ளை எட்டிப் பாக்கல. நீங்க பாக்கறீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிள்ளை, அதாவது என் மச்சான், போனில் மட்டும் அம்மா மேல் உயிரை விடுகிற ரகம். அவனைவிட நான் எவ்வளவோ மேல்.

மிச்சம் பிடித்ததை வைத்துச் சீட்டாடவில்லை, குடிக்கவில்லை. புதுக் கடைக்கு முன்பணம் சேர்த்தேன். தவணை முடிந்ததும் அத்தை கையாலேயே திறக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்குள் அவரால் படுக்க முடியாமல் போயிற்று. ஜன்னலோரம் தலையணையில் சாய்ந்தபடியே தூங்குவார். இன்னும் சில மாதம் தாங்கியிருந்தால் முழு மருந்தும் கொடுத்திருப்பேன். அவருக்குப் பொறுமை இல்லை.

ஆமாம், மருந்தைக் குறைத்துக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: காரியம் முடிந்த கையோடு மேற்பார்வையாளரிடம் நானே போய், இனி அந்தக் கழிவு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செத்தவர் பெயரில் காசு பார்க்கிற ஈனப்பிறவி இல்லை நான்.